அந்தப் பெண் தேடியது உலக அழிவை அல்ல

கும்பகோணம் கல்லூரி விழா வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு வரை அது என் வாட்ஸாப்புக்கு வந்துகொண்டே இருந்தது, கூடவே சிரிக்கும் பொம்மைகளும். அதனால் எழுதுகிறேன்.

நாசாவின் வைஸ் விண்கலம் எடுத்த படங்களை இணையத்தில் பார்த்து, விண்மீன்களுக்குப் பக்கத்தில் மறைந்திருக்கும் துணையை, அதாவது அவற்றோடு ஈர்ப்பால் பிணைந்திருக்கும் மங்கலான பொருளை, தேடுவதாக அந்த மாணவி சொன்னாள். முடிக்கக்கூட விடவில்லை. "உலகம் அழியப்போகுதுன்னு யூடியூப்ல சொல்ற கூட்டமாம்மா நீ?" என்றார் சிறப்பு விருந்தினர். அரங்கமே சிரித்தது.

அவள் தேடியது உலக அழிவை அல்ல. பொதுமக்களே இணையத்தில் சேர்ந்து தேடும் 'பேக்யார்ட் வேர்ல்ட்ஸ்' என்ற அந்தத் திட்டம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. வானத்தின் ஒரே இடத்தை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த அகச்சிவப்புப் படங்களை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். தொலைவில் இருப்பவை நின்ற இடத்திலேயே நிற்கும், நமக்கு அருகில் இருப்பது மட்டும் லேசாக நகரும். கேமராக் கோளாறால் வரும் போலிப் புள்ளிகளில் கணினி தடுமாறுகிறது, பழகிய கண் பிரித்துவிடுகிறது. இப்படித் தேடியவர்களின் உழைப்பில் 2020இல் சூரியனுக்கு அருகே ஏறக்குறைய 95 பழுப்புக் குள்ளன்கள் (கோளைவிடப் பெரியவை, ஆனால் விண்மீனாக எரியும் அளவு நிறை இல்லாதவை) அறிவிக்கப்பட்டன. 2021இல் ராஸ் 19 என்ற விண்மீனுக்கு யாருக்கும் தெரியாதிருந்த ஒரு துணை கிடைத்தது. அந்தப் பெண் சொன்ன அதே வேலைதான்!

கஜா புயலுக்குப் பிறகு எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. ஓடு பறந்த வீட்டுக்குள் படுக்கப் பயந்து தெருவில் படுத்திருந்தோம். தென்னை எல்லாம் சாய்ந்து, அடிவானம் வரை வெட்டவெளி. விடியற்காலையில் வடகிழக்கே ஏழு மீனைக் காட்டி, "அந்த வசிஷ்டர் பக்கத்துல பாரு, அருந்ததி" என்றார் பெரியப்பா. மரமெல்லாம் போன மனுஷன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நம் கல்யாணங்களில் காட்டுகிற அந்த அருந்ததிக்கே ஒரு மங்கலான துணை விண்மீன் இருப்பது 2009இல்தான் தெரிய வந்தது. துணையைத் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

"சூரியனுக்குத் துணையே இல்லை என்று ஆகிவிட்டதே" என்று ஒரு பேராசிரியர் நண்பர் கேட்டார். சரி, நியாயமான கேள்வி. 2.6 கோடி ஆண்டுக்கு ஒருமுறை உயிரினங்கள் கூட்டமாக அழிவதற்குச் சூரியனின் துணையே காரணமாக இருக்கலாம் என்று 1984இல் சொன்னார்கள், நெமிசிஸ் என்று பெயரும் வைத்தார்கள். வைஸ் படங்களில் தேடிய வானியலாளர் கெவின் லூமன், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 26,000 மடங்கு வரை வியாழன் அளவில்கூட எதுவும் இல்லை என்று 2014இல் சொல்லிவிட்டார். ஆனால் அதே லூமன்தான் 2013இல், அதே படங்களிலிருந்து, வெறும் 6.5 ஒளியாண்டு தூரத்தில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பழுப்புக் குள்ளன்களைப் பிடித்தார். தேடியதால்தானே அதுவும் கிடைத்தது? இல்லை என்பதையும் தேடித்தானே சொல்ல முடிந்தது? மாணவியோ சூரியனின் துணை என்று சொல்லவே இல்லை. வீடியோவை இன்னொரு முறை கேளுங்கள்.

நிபிரு என்ற மறைந்த கோள் வந்து பூமியில் மோதும் என்று வதந்தி பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அவர்களோடு இவளை ஏன் சேர்க்கிறீர்கள்?

"அண்ணே, கடைமடைக்குத் தண்ணி வரல, நட்சத்திரமா முக்கியம்?" என்று ஒரு தம்பி. நானும் கடைமடைக்காரன்தான் தம்பி. மேட்டூர் திறந்தும் வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷங்களை நானும் பார்த்தவன். தண்ணீர் வரும்வரை எங்கள் பிள்ளைகள் வானத்தைப் பார்க்கக் கூடாதா? பெங்களூரில் ஒரு பையன் இதையே செய்தால் பேட்டி எடுப்பீர்கள். நன்னிலம் பக்கத்துக் கிராமத்துப் பெண் செல்போனில் செய்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் பிள்ளைகள் மைக்கைப் பிடித்தாலே எதற்குச் சிரிக்கிறீர்கள்? நெல் விளைவித்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டதா?

இதுவரை யாரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவளுக்கு அதே மேடையில் அரை மணி நேரமும் ஒரு புரொஜெக்டரும் கொடுங்கள். அந்த வீடியோவை இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் என் நட்புப் பட்டியலில் இருக்க வேண்டாம்.