பேசுகிறவருக்குப் படியளப்பது யார்?

போர் மூளும்போதெல்லாம் தொலைக்காட்சியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வந்து உட்கார்வார். பின்னால் பெரிய வரைபடம் இருக்கும். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும், முதலில் எதைத் தாக்க வேண்டும் என்று நிதானமாக விளக்குவார். களம் கண்டவர் சொல்கிறாரே என்று நாமும் கேட்டுக்கொள்வோம். திரையில் அவர் பெயருக்குக் கீழே பழைய பதவியைப் போட்டிருப்பார்கள். இன்றைக்கு அவருக்குப் படியளப்பது யார் என்பதைப் போட மாட்டார்கள்.

வெறும் சந்தேகத்தில் இதைச் சொல்லவில்லை. 2008 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதிய விஷயம் இது. இராக் போர் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் கருத்துச் சொல்லிவந்த முன்னாள் அதிகாரிகளில் பலருக்கு ராணுவ ஒப்பந்த நிறுவனங்களோடு தொடர்பு இருந்தது. சிலர் ஆலோசகர்கள், சிலர் இயக்குநர் குழுவில் இருந்தவர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன பேசலாம் என்று எடுத்துக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. மறுவருடம் அந்தச் செய்திக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. சரி, போர் தொடங்கியது எப்போது? 2003 மார்ச்சில்.

என் மனதை அறுப்பது இதுதான். உண்மை வந்துவிடுகிறது, ஆனால் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது.

குவைத்தை இராக் பிடித்துவைத்திருந்த 1990 அக்டோபரில் நயிரா என்ற 15 வயதுப் பெண் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் அழுதபடி பேசினாள். குவைத் மருத்துவமனையில் இராக் சிப்பாய்கள் இன்குபேட்டர்களிலிருந்து பச்சைக் குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகப் போட்டதைப் பார்த்தேன் என்றாள். அவளுடைய முழுப்பெயரைச் சொல்லவில்லை, பாதுகாப்புக்காக என்றார்கள். அப்போதைய அதிபர் மூத்த புஷ் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டர்களும் சொன்னார்கள். 1991 ஜனவரியில் போருக்கு அனுமதி கொடுக்கும் தீர்மானம் செனட்டில் 52க்கு 47 என்று தேறியது. அதற்கு அடுத்த வருடம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். அவளைப் பேசவைத்த பிரசாரத்தை நடத்தியது, அதற்காகக் குவைத் அரசின் பணத்தை வாங்கிய ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம். இன்குபேட்டர் கதைக்கு மனித உரிமை அமைப்புகள் தேடிப்போயும் ஆதாரம் கிடைக்கவில்லை. குவைத்தில் இராக் அதிபர் சதாமின் படை செய்த கொடுமைகள் நிஜம்தான். அந்த நிஜம் போதாதென்று ஒரு பொய்யையும் சேர்த்து ஒரு சிறுமியின் வாயில் வைத்தார்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம் ஊரில் சொல்வோம். உலகின் முதல் 100 ஆயுத நிறுவனங்களின் ஆயுத வருமானம் 2024இல் 67,900 கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனம். இவ்வளவு பணம் புரளும் இடத்தில், போருக்கான காரணங்களைப் பேச ஆள் கிடைக்காமல் போகுமா?

இப்படி எழுதினால் நண்பர் ஒருவர் கேட்பார், "அப்போ அடி வாங்குகிறவன் சும்மா இருக்கணுமா?" நியாயமான கேள்வி. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அப்படித் தாக்கப்படும் நாடு திருப்பி அடிக்கலாம், அதற்கு ஆயுதமும் வாங்கலாம். ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவே அந்த உரிமையைச் சொல்கிறது. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "தற்காப்பு" என்ற அந்தச் சொல்லைத்தான் எல்லாரும் போர்த்திக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் சொல்கிறவர் யார், ஆதாரம் என்ன என்று குண்டு விழுவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டியிருக்கிறது.

விழுந்த பிறகு கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏமனின் தஹ்யான் சந்தை சாட்சி. 2018 ஆகஸ்ட் 9 அன்று அங்கே நின்ற ஒரு பேருந்தின் மேல் ஏமன் போரில் இறங்கியிருந்த சவூதி தலைமையிலான கூட்டணியின் குண்டு விழுந்தது. செஞ்சிலுவைச் சங்கக் கணக்கில் 51 பேர் இறந்தார்கள், அதில் 40 பேர் குழந்தைகள். யுனிசெஃப் முத்திரை போட்ட நீலநிறப் பள்ளிப் பைகள் சிதைந்து கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அதை நியாயமான ராணுவ நடவடிக்கை என்றது கூட்டணி. சில வாரம் கழித்துத் தவறு நடந்துவிட்டது என்றது. துண்டுகளில் இருந்த எண்களைப் பார்த்த நிபுணர்கள், அது அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் தயாரித்த குண்டு என்றார்கள். எங்கே தயாரானது என்பதுகூட உடைந்த துண்டைப் பொறுக்கித்தான் தெரியவந்தது.

மக்களைத் தாக்கப் பயன்படும் என்று தெரிந்தால் ஆயுதம் அனுப்பக் கூடாது என்று சொல்லும் ஆயுத வணிக ஒப்பந்தம் 2014 டிசம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் சேர்ந்த பிரிட்டனும் சவூதிக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தது. சவூதி கூட்டணியின் பழைய அத்துமீறல்களைச் சரியாக மதிப்பிடாமல் ஆயுத ஏற்றுமதிக்கு உரிமம் கொடுத்தது சட்டவிரோதம் என்று 2019 ஜூனில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2020 ஜூலையில் உரிமம் கொடுப்பதை மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் முன்னாலேயே கேட்டவர்களும் இருக்கிறார்கள். 2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்துக்கு ஒரு சவூதி கப்பல் வந்தது. அதில் ஏற்ற வேண்டிய ஜெனரேட்டர்கள் ராணுவத்துக்குப் போகின்றன, ஏமன் போரில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜெனரேட்டர்களை ஏற்றாமலே கப்பல் கிளம்பிப் போனது.