கண்ணாடிக்குள் துண்டாகும் இதயம்

உடற்கூறியல் வகுப்பில், எதிரே இருக்கும் அறையின் மேலேயே கணினி உருவங்களை மிதக்கவிட்டுக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடியை எடுத்தாலே, பாதி நேரம் பட்டையை இறுக்குவதிலும், வைஃபையைத் தேடுவதிலும், காற்றில் விரல்களைக் கிள்ளிக் கிள்ளி உள்நுழைவதிலுமே கரைந்துபோகிறது. அதற்குள் சிலவற்றில் சார்ஜ் தீர்ந்துவிடும். மிஞ்சியவற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஏற்கெனவே பவர் கண்ணாடி அணிந்தவர்களின் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு என்ன தெரிகிறது? காட்சிப் பரப்பு குறுகியது என்பதால், முழு இதயத்தைப் பார்க்கப் பின்னால் நகர வேண்டும். வால்வைப் பார்க்க முன்னால் வந்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடும். இவ்வகையில் பெயர்பெற்ற, மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியின் குவியமே சுமார் 2 மீட்டர் தொலைவில் நிலைத்திருப்பது. உருவத்தை முகத்தருகே இழுத்தால், இரு கண்களும் ஓரிடத்தில் கூடவும் வேறோர் இடத்தில் குவியவும் தவித்துத் தலைவலிதான் மிஞ்சும். ஒளியைச் சேர்க்க மட்டுமே தெரிந்த இந்தத் திரைகளுக்குக் கறுப்பைக் காட்டவும் வழியில்லை. வெளிச்சமான வகுப்பறையில் நிழலும் குழியும் சுவரோடு கலந்துபோனால், எலும்பில் எதைப் படிப்பது?

2019-இல் வந்த ஹோலோலென்ஸ் 2-இன் அப்போதைய விலை 3,500 டாலர். 2024-இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க ஒரேயொரு மண்டையோட்டு மாதிரிக்கு இத்தனை பேர் காத்திருக்கும் துறையில், இவ்வளவு பணத்தைக் கண்ணாடியில் கொட்டச் சொன்ன மாணவர் யார்? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?