ஏரி இருக்கு, உட்கார இடம் இல்ல

வடசென்னையில ஏரிக்குப் பஞ்சமே இல்ல. புழல், ரெட்டேரி, மாதவரம், கொரட்டூர், அந்தப் பக்கம் போனா கடப்பாக்கம். ஆனா ஞாயித்துக்கிழமை புளிசாதத்தைக் கட்டிக்கிட்டுக் குடும்பத்தோட போய், தண்ணியைப் பார்த்துக்கிட்டு கொஞ்ச நேரம் உட்காரணும்னா எங்களுக்கு இடம் கிடையாது. படகா, முட்டுக்காட்டுக்குப் போ. கூடாரம் போட்டுத் தங்கணுமா, ஈசிஆர் ரிசார்ட்டுக்குப் போ, இல்ல ஏலகிரி ஏறு. வியாசர்பாடியில இருந்து முட்டுக்காடு போய் வர்றதுக்குள்ள பாதி நாள் ரோட்டுலயே போயிடுது. வீட்டுப் பக்கத்துல ஏரியை வெச்சுக்கிட்டு நாங்க ஏன் அங்க ஓடணும்?

எங்க ஏரியாவுலயும் ஏரியைச் சீரமைச்சாங்க. டைல்ஸ் நடைபாதை, எட்டு போட்டு நடக்க ஒரு தளம், ரெண்டு ஊஞ்சல், சுத்தி இரும்பு வேலி, பெரிய கேட். காலையில பத்து மணிக்குப் பூட்டினா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. கோடை லீவுல பசங்க வீட்டுல அடைஞ்சு கிடக்குற நேரம் பூரா பூங்கா பூட்டியே கிடக்கு. வேப்பமர நிழல் உள்ள, பசங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல. காவலுக்கு இருக்குற அண்ணன்கிட்ட கேட்டேன். "திறந்துவிட்டா என் வேலை போயிடும்மா"ன்னார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். இந்த நேரத்தை யார் முடிவு பண்ணாங்களோ, அவங்க வீட்டுல குழந்தைங்களே இல்லையா?

திறந்திருக்கும்போது போனாலும் கழிப்பறைக்குப் பூட்டு. குழாயைத் திருகினா காத்துதான் வருது. பாய் விரிச்சா விசில், டிபன் டப்பாவைத் திறந்தா "உள்ள சாப்பிடக் கூடாது". குப்பை சேரும்னு பயமா இருந்தா தொட்டி வைங்க, தினம் அள்ளுங்க.

இதைக்கூட பொறுத்துக்கலாம். அந்த நாத்தத்தைப் பொறுக்க முடியல. மழைநீர் வடிகால் ஏரியில வந்து சேர்ற இடத்துல போய் நின்னு பாருங்க. கறுப்புத் தண்ணி நுரை தள்ளிக்கிட்டு நேரா உள்ள இறங்குது. மழையே இல்லாத மே மாசத்துல வடிகால்ல என்ன தண்ணி வரும்? சாக்கடைதான். அந்தச் சாக்கடைதான் ஆகாயத்தாமரைக்குத் தீனி. மிஷின் விட்டு வாரினாலும் கொஞ்ச நாள்ல மறுபடி ஏரியையே மூடிடுது. அடியில வெளிச்சமும் போகாது, காத்தும் போகாது, மீன் செத்து மிதக்குது. சாக்கடையை நிறுத்தாம கரையில டைல்ஸ் ஒட்டுறது, புண்ணைக் கழுவாம கட்டுப் போடுற மாதிரி.

கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுமக்குறது நாங்க. எண்ணூர்ல அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமக்குறதும் நாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்து முகத்துவாரத்துல படகு, வலை எல்லாத்துலயும் அப்பினப்போ அதைக் கையால அள்ளினது எங்க ஜனங்க. ஊரு மொத்தத்துக்கும் இவ்வளவு சுமக்குற எங்களுக்கு ஒரு ஏரிக்கரை கொடுக்கக் கூடாதா?

புழல்ல கூடாரம் கேட்கலை. நூறு வருஷத்துக்கும் மேல இந்த ஊருக்குத் தண்ணி கொடுக்குற ஏரி அது, அங்க யாரும் கால் வைக்க வேணாம். மத்த ஏரியில ஒண்ணே ஒண்ணு போதும். கரையில கூடாரம் போட சமதரை, விளக்கு, சுத்தமான கழிப்பறை, பொம்பளைங்க பயமில்லாம தூங்குற மாதிரி ராத்திரிக் காவல். கட்டணம் வாங்குங்க, தர்றோம். விடியக்காலையில கூழைக்கடா வந்து இறங்குறதை எங்க பசங்க போன்ல இல்லாம நேர்ல பார்க்கட்டும்.

அடுத்த டெண்டர்ல டைல்ஸுக்கு முன்னாடி, சாக்கடை வர்ற வழியை அடைக்கிற செலவை எழுதுங்க. பகல்ல கேட்டைத் திறந்து வைக்க இன்னொரு ஆளைப் போடுங்க. லீவு முடியறதுக்குள்ள போடுங்க.