இரண்டாவது சிடி

(பாம்பன். மே மாதத்து மாலை. தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன. முன்பு வீடியோ கடை வைத்திருந்த அருளப்பன், வீட்டு முன்னறையில் ஒரு கேசட்டை மூக்கருகே பிடித்து முகர்ந்துகொண்டிருக்கிறார். மனைவியின் தம்பி மரியதாஸ் வலை ஊசியும் நூலுமாக உள்ளே வருகிறான்.)

மரியதாஸ்: என்ன மச்சான், காரல் கருவாடு வாங்குகிறவர் மாதிரி முகர்ந்து பார்க்கிறீர்கள்?

அருளப்பன்: பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பார்க்கிறேன், மாப்பிள்ளை. நம் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பே தாங்காது, நாடா எப்படித் தாங்கும்? பூஞ்சை பிடித்த கேசட்டைத் தெரியாமல் போட்டால் விசிஆரின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு போடுகிற கேசட்டுக்கெல்லாம் பரவும்.

மரியதாஸ்: உங்கள் விசிஆர் ஓடுகிறதா?

அருளப்பன்: எட்டு வருடமாக ஓடவில்லை.

மரியதாஸ்: பிறகு எப்படிப் பரவும்?

அருளப்பன்: (கேளாதவர் போல) கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மரியதாஸ்: அக்கா சொன்னாள். யாரோ சொந்தக்காரர் செத்துவிட்டார் என்று நினைத்தாளாம். அது போகட்டும், நான் வந்த காரியம் வேறு. ஜூன் 14 வரைக்கும் வலைகளை வைக்க ஓர் அறை வேண்டும். என் வீட்டில் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். இந்த அறையைக் காலி செய்து கொடுத்துவிடுவீர்கள் என்று அக்கா சொன்னாள்.

அருளப்பன்: அவள் சொல்வாள். மாப்பிள்ளை, இங்கே 412 கேசட், அதற்கு மேல் நான்கு பீரோ நிறைய சிடி இருக்கிறது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மரியதாஸ்: எல்லாப் படமும்தான் இப்போது கைபேசியில் வருகிறதே!

அருளப்பன்: வரும். இன்று வரும். நாளைக்கு உரிமம் முடிந்துவிட்டது என்று எடுத்துவிடுவான். நீ மாதம் தவறாமல் பணம் கட்டியிருந்தாலும் உன்னிடம் கேட்கவா போகிறான்? இந்தப் பீரோவில் இருப்பதை யார் எடுக்க முடியும்?

மரியதாஸ்: அக்கா.

(சற்று நேரம் பேச்சில்லை.)

அருளப்பன்: அவளுக்கு அந்தக் கல்யாணக் கேசட் கோபம் இன்னும் தீரவில்லை.

மரியதாஸ்: எப்படித் தீரும்? கேசட்டில் அழியாமல் இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை ஒடித்து வைத்திருந்தார்கள். நீங்கள் அந்த ஓட்டையின் மேல் செலோடேப்பை ஒட்டி இலங்கை டிவி ரூபவாகினியில் வந்த படத்தைப் பதிவு செய்தீர்கள்!

அருளப்பன்: வேறு கேசட் கைவசம் இல்லை. அந்தப் படம் மறுபடி வருமா என்றும் தெரியாது. கல்யாணத்தை நான் ஏற்கெனவே நேரில் பார்த்துவிட்டேன்.

மரியதாஸ்: பாதிரியார் தாலியை மந்திரிக்க எடுக்கிறார், உடனே ஒருவர் சிங்களத்தில் செய்தி வாசிக்கிறார். அம்மா சாகும்வரை அதைப் போட்டுப் போட்டு அழுதாள். சிங்களச் செய்தி பார்த்து அழுத ஒரே ஆள் இந்தப் பக்கத்தில் அவள்தான்.

அருளப்பன்: மற்றபடி பதிவு மிகத் தெளிவு. கடலுக்கு மேலே நேராக வந்த அலை, பார்.

மரியதாஸ்: சரி, இந்தப் பெட்டியில் என்ன? பிரிக்கவே இல்லை போலிருக்கிறதே.

அருளப்பன்: சிங்கப்பூரிலிருந்து வந்த டிவிடி. டிவிடிக்கு உலகத்தையே மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அது மண்டலம் 3. இந்தியா மண்டலம் 5. இங்கே வாங்கிய பிளேயரில் போட்டால் ஓடாது.

மரியதாஸ்: எல்லை தாண்டினால் பிடிப்பது நம்மை மட்டும்தான் என்று நினைத்தேன். சிடிக்கும் உண்டா?

அருளப்பன்: உண்டு. ஆனால் இலங்கையும் மண்டலம் 5தான். அங்கே வாங்கினால் இங்கே ஓடும்.

மரியதாஸ்: சிடிக்காரனுக்கு இருக்கிற விவரம்! அவனைக் கூப்பிட்டுக் கச்சத்தீவு பற்றிப் பேசச் சொல்லுங்கள் மச்சான்.

அருளப்பன்: உனக்கு எல்லாம் விளையாட்டு. சினிமா என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் டிசம்பரில் என்னோடு திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு வா. ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்கலாம்.

மரியதாஸ்: கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணத்தில்தானே போன தடவை போனீர்கள்?

அருளப்பன்: 1994இல் கோழிக்கோட்டில் தொடங்கிய விழா அது. அங்கே ஆட்டோ ஓட்டுகிறவர்கூட ஈரான் படத்தைப் பற்றிச் சண்டை போடுவார். தூக்குப் பாலம் மேலே ஏறும்போது இங்கே கூட்டம் நிற்குமே, அப்படி ஒவ்வொரு தியேட்டர் வாசலிலும் நிற்கும். கோவா விழா அப்படியில்லை. 2004இலிருந்து அங்கே நடக்கிறது, கோட்டு போட்டவர்கள் அதிகம். எனக்குக் கைலி கட்டிக்கொண்டு படம் பார்த்தால்தான் படம் ஏறும்.

மரியதாஸ்: அப்படி என்னதான் படம் பார்த்தீர்கள்?

அருளப்பன்: ஒன்று சொல்கிறேன். மெய்சிலிர்க்கும். ஒரு கிழவர் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார். பதினைந்து நிமிடம். ஒரு வெட்டு கிடையாது, ஒரு வசனம் கிடையாது.

மரியதாஸ்: பிறகு?

அருளப்பன்: எழுந்து போகிறார்.

மரியதாஸ்: மீன் பட்டதா?

அருளப்பன்: மீனைப் பற்றிய படமில்லை அது!

மரியதாஸ்: நான் இருபத்தைந்து வருடமாகக் கடலைப் பார்க்கிறேன். டீசல் கடன்தான் மிச்சம். அந்தக் கிழவருக்கு விருது கொடுத்தார்களா?

அருளப்பன்: கொடுத்திருக்க வேண்டும். கோவாவில் தங்க மயில் கொடுப்பார்கள். திருவனந்தபுரத்தில் சுவர்ண சகோரம், தங்கச் சகோரப் பறவை. அதை ஆங்கிலத்தில் செம்போத்து என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

மரியதாஸ்: நம் ஊரில் விழா வைத்தால் தங்கக் காக்கைதான். கருவாடு காயப்போடுகிற இடத்தில் அத்தனை காக்கை. அவற்றை விரட்டத்தான் அந்த சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டு... (நிறுத்திக்கொள்கிறான்.)

அருளப்பன்: எந்த சிடிகளை?

மரியதாஸ்: பளபளவென்று காற்றில் சுற்றும். காக்கை கிட்டே வராது.

அருளப்பன்: மரியதாஸ். எந்த சிடி?

(அருளப்பன் எழுந்து பீரோவைத் திறக்கிறார். பதினேழு பெட்டிகள் தனியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சொத்துப் பத்திரத்தை எடுப்பவரைப் போல ஒன்றை எடுக்கிறார்.)

அருளப்பன்: ஒரு விசிடியில் 74 நிமிடம்தான் பிடிக்கும். நம் படம் இரண்டரை மணி நேரம். அதனால் இரண்டு சிடி, சில படத்துக்கு மூன்று. இந்தப் பதினேழு படத்துக்கும் முதல் சிடி இருக்கிறது, இரண்டாவது இல்லை. தமிழின் முதல் பேசும் படம், 1931இல் வந்த காளிதாஸ், இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. ஏன் தெரியுமா? சேர்த்து வைக்க ஆளில்லை. படங்களைக் காப்பாற்றப் புனேயில் அரசு ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல்தான், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே வருடம். அவ்வளவு தாமதம். இந்த பூமியில் இவ்வளவு படம் அழிந்திருக்கிறதே என்று நான் இருபது வருடமாகத் தூங்காமல் கிடக்கிறேன், நீ கருவாட்டுக்குக் காவல் போட்டிருக்கிறாய்!

மரியதாஸ்: மச்சான், உங்கள் கடையில்தானே வாடகைக்கு எடுத்தேன்? திருட்டில்லை.

அருளப்பன்: ஒரு நாளைக்கு ஒரு சிடி 10 ரூபாய். வருடத்துக்கு 3,650. இருபது வருடம், 73,000. பதினேழு சிடி... 12,41,000 ரூபாய். எடு.

மரியதாஸ்: அக்காவுக்கு மூன்று பவுன் பாக்கி வைத்திருக்கிறீர்களே, அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

அருளப்பன்: ஏன் இரண்டாவது சிடியை மட்டும் எடுத்தாய்? அதைச் சொல்.

மரியதாஸ்: முதல் சிடி முழுவதும் பாட்டு, பூங்கா, கல்லூரி. சண்டை எல்லாம் இரண்டாவதில்தான். கடலுக்குப் போய்விட்டு வருகிறவனுக்கு அவ்வளவு நேரம் ஏது? முழுப் படத்துக்கும் எதற்கு வாடகை கொடுப்பது என்று...

அருளப்பன்: அவை ஓடுமா இப்போது?

மரியதாஸ்: எங்கே ஓடும்? உப்பு பட்டுப் பளபளப்பு எல்லாம் உரிந்துவிட்டது. கண்ணில் வைத்துப் பார்த்தால் கடல் தெரிகிறது.

(அருளப்பன் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். குரல் இறங்குகிறது.)

அருளப்பன்: இந்தப் படத்தை வேறெங்கும் தேடியும் கிடைக்கவில்லை. முடிவு என்ன ஆயிற்று? அதையாவது சொல்.

மரியதாஸ்: அதுவா? அண்ணன் செத்துவிடுகிறான்.

அருளப்பன்: எந்த அண்ணன்? கதாநாயகனுக்கு அண்ணனே கிடையாதே!

மரியதாஸ்: இரண்டாவது சிடி தொடங்குவதே அண்ணன் சிறையிலிருந்து வருவதில்தான். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

அருளப்பன்: என் சிடியில் ஒரு தாத்தா சாகிற நேரத்தில் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். அதோடு முடிந்துவிட்டது. அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வந்தாரா?

மரியதாஸ்: (வலை ஊசியைக் கீழே வைக்கிறான்.) தாத்தாவா? சுவரில் ஒரு கிழவர் படம் மாலையோடு தொங்கியதே, அவரா? ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் அதைப் பார்த்துக் கும்பிடுவான். யாரென்றே எனக்குத் தெரியாது. அந்தப் பெண் பச்சைப் பெட்டியைக் கண்டால் மட்டும் ஏன் ஓடிப்போய் அழுகிறாள்? இருபது வருடமாக அது எனக்குப் புரியவில்லை மச்சான்.

அருளப்பன்: பச்சைப் பெட்டி வருகிறதா? அது பாட்டியின் பெட்டி! உட்கார், உட்கார். முதலிலிருந்து சொல்கிறேன். நீ உன் பாதியைச் சேர்த்துக்கொண்டே வா.

(உள்ளேயிருந்து குரல்: "தம்பி, அறையைக் காலி செய்தாயிற்றா?" இருவர் காதிலும் விழவில்லை.)

அருளப்பன்: எழுத்துப் போடுகிறான். பின்னால் ஒரு தென்னந்தோப்பு. கதாநாயகி மாட்டு வண்டியில் வருகிறாள்...

மரியதாஸ்: மச்சான், பாட்டு வந்தால் தாண்டிவிடுங்கள்.