140 இணைப்புகளுக்கு இத்தனை படிவங்களா?

மார்ச் மாதம் பிறக்கப்போகிறது என்றாலே எனக்கு நித்திரை போய்விடுகிறது. இலங்கையின் ஹட்டனில் இருந்தபடி, அமெரிக்காவில் இயங்கும் மிகச் சிறிய இணையத் தொலைபேசி நிறுவனமொன்றின் கணக்குகளையும் ஆவணங்களையும் ஆறு வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அங்கே முதலாளி ஒருவர். பழுது பார்ப்பவரும் அவரே. இங்கே நான், அதுவும் பகுதி நேரமாக. ஒரு பல் வைத்தியர், இரண்டு தேவாலயங்கள், ஒரு பூக்கடை, சில சிறு காரியாலயங்கள் என்று எல்லாம் சேர்த்து 140 இணைப்புகள்தான் இருக்கின்றன. இந்த 140 இணைப்புகளுக்காக வருடாவருடம் நான் நிரப்பும் படிவங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

சட்டமே வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணையும் இணையத் தொலைபேசிகள், 911 என்ற அவசர உதவி எண்ணுக்கான அழைப்பை அழைப்பவரின் பதிவு செய்த முகவரியோடு அனுப்ப வேண்டும் என்று எஃப்.சி.சி. எனப்படும் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு 2005இல் உத்தரவிட்டது. அதை நான் தலைவணங்கி ஏற்கிறேன், ஏனென்றால் நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்குத் தனி முகவரி இருந்ததில்லை; கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வீடு சேரும். அம்மாவுக்கு மூச்சு முட்டிய இரவில் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து, எந்த டிவிஷன், எத்தனையாவது லயம், கோயிலுக்கு மேலா கீழா என்று நான் விளக்கிக்கொண்டிருந்த நிமிடங்கள் இன்னும் நெஞ்சில் இருக்கின்றன. அதனால்தான் புதிய வாடிக்கையாளர் சேரும்போதெல்லாம் கதவிலக்கம், மாடி, அறை எண் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிறேன். அந்த வேலையை ஒருநாளும் நான் சுமையாக நினைத்ததில்லை.

என் கோபமெல்லாம் மற்றவற்றின் மேல்தான். ஏப்ரல் முதலாம் திகதிக்குள் வருடாந்த வருமானத்தைக் காட்டி அனுப்ப வேண்டிய 499-ஏ படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனைவருக்கும் தொலைத்தொடர்பு சேவை கிடைப்பதற்கான நிதிக்கு இணையத் தொலைபேசி நிறுவனங்களும் பங்களிக்க வேண்டும் என்று 2006இல் விதித்தார்கள். வருமானத்தில் எவ்வளவு மாநிலம் தாண்டிய அழைப்புகளால் வந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் 64.9 சதவீதம் அப்படி வந்ததாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் தேவாலயங்களின் அழைப்புகளில் பெரும்பகுதி அதே ஊருக்குள்தான் போகிறது. அதை நிரூபிப்பதற்கு அழைப்புகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஆய்வு செய்ய வேண்டும். 140 இணைப்புகளை வைத்திருப்பவர் அதற்கு எங்கே போவார்? வருடப் பங்களிப்பு 10,000 டொலருக்குக் குறைவாக இருந்தால் நேரடியாகக் கட்டத் தேவையில்லை என்று விலக்கும் தருகிறார்கள். ஆனால் எங்களைப் போன்ற இணையத் தொலைபேசிக்காரர்கள் அப்போதும் படிவத்தை அனுப்பியே ஆக வேண்டும். விலக்குப் பெற்றவுடன், எங்களுக்கு இணைப்பை மொத்தமாக விற்கும் நிறுவனம் எங்களைச் சாதாரண வாடிக்கையாளராகக் கருதி அதே கட்டணத்தை எங்கள் பில்லில் ஏற்றிவிடுகிறது. 2024 முழுவதும், மாநிலம் தாண்டிய வருமானத்தின் மேல் கணக்கிடும் அந்தக் கட்டணவீதம் 30 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. கையில் கொடுத்த விலக்கைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் விலக்கா?

மார்ச் முதலாம் திகதிக்குள், வாடிக்கையாளர்களின் அழைப்பு விபரங்களைப் பாதுகாக்கிறோம் என்ற உறுதிச் சான்றிதழும் போக வேண்டும். பாதுகாக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் முறைப்பாடு ஒன்றுமே இல்லை என்றாலும் "இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். இந்தக் காகிதத்தை ஒழுங்காக அனுப்பவில்லை என்பதற்காக 2009இல் 600க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் தலா 20,000 டொலர் அபராதம் விதிக்க முன்மொழிந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. விபரம் திருடு போனதற்காக அல்ல, காகிதம் போய்ச் சேராததற்காக. 20,000 டொலர் எங்கள் முதலாளியின் கடையையே பூட்டிவிடும்.

எல்லாவற்றிலும் என்னை நடுங்க வைப்பது தானியங்கி மோசடி அழைப்புகளைத் தடுப்பதற்கான தரவுத்தளம். 2021 செப்டெம்பர் 28 முதல், அதில் பெயரில்லாத நிறுவனத்திலிருந்து நேரடியாக வரும் அழைப்புகளை மற்ற நிறுவனங்கள் ஏற்கக் கூடாது. எங்கள் பதிவில் ஒரு பிழை நேர்ந்து பெயர் நீக்கப்பட்டால், அந்தப் பல் வைத்தியரின் தொலைபேசி ஊமையாகிவிடும். அழைக்கும் எண் உண்மையானது என்று அழைப்புக்கு டிஜிட்டல் கையொப்பமிடும் தொழில்நுட்பத்தை நிறுவுவதற்குச் சிறிய நிறுவனங்களுக்குக் கூடுதல் அவகாசம் தந்தோம் என்கிறார்களே, அவர்கள் கணக்கில் "சிறிய" என்றால் 100,000 இணைப்புகள் வரை! 100,000 இணைப்புகள் இருப்பவரிடம் சட்டத்தரணி இருப்பார், அலுவலர் கூட்டம் இருக்கும். 140 இணைப்புகள் இருப்பவரிடம் நான்தான் இருக்கிறேன்.

வாஷிங்டனில் மார்ச் முதலாம் திகதி மாலை ஐந்து மணியாகும்போது எனக்கு விடிகாலை மூன்றரை. போன வருடம், சான்றிதழ் அனுப்பக் கடைசி நாளன்று ஹட்டனில் மழை, மின்சாரம் போய்விட்டது. கைப்பேசியின் இணையத்தில் மடிக்கணினியை இணைத்து, மின்கலத்தில் 11 சதவீதம் மிஞ்சியிருக்க, போர்வைக்குள் உட்கார்ந்து சான்றிதழை ஏற்றினேன். அந்தத் தளம் இரண்டு தடவை என்னை வெளியே தள்ளியது. மூன்றாவது தடவை ஏறியது.

ஆயிரம் இணைப்புகளுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரே படிவம், ஒரே திகதி என்று வைப்பதில் என்ன நட்டம்? அதே பெயரையும் முகவரியையும் வருமானத்தையும் வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு கடவுச்சொற்களோடு நான் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதால் எந்த மோசடிக்காரன் பிடிபட்டான்? அந்த மணித்தியாலங்களை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களின் 911 முகவரிகளை மூன்றாவது தடவையும் சரிபார்த்து வைக்கிறேன்.