தேரூர் குளத்தோரப் பட்டா வயல்கள் பற்றி

கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம், தேரூர் குளங்களைக் காட்டும் ஒரு வரைபடத்தைப் பகிர்ந்து, "சுசீந்திரம் தேரூர் ராம்சர் தலமாகிவிட்டது, சுற்றியுள்ள பட்டா வயல்களும் காப்பகத்தில் சேர்ந்துவிட்டன, இனி விற்க முடியாது" என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல.

ராம்சர் என்பது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியல். 2022-ல் அதில் சேர்ந்தது இங்கே சுமார் 94 ஹெக்டேர். அந்தப் பட்டியல் யாருடைய நிலத்தின் உரிமையையும் மாற்றாது. "காப்பகம்" என்ற பேச்சுக்கு வந்தால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவைப் பாருங்கள். அரசுக்குச் சொந்தமான நிலத்தை மட்டுமே, அதுவும் உள்ளூர் மக்களைக் கலந்துகொண்ட பிறகே, பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கலாம். தனியார் நிலத்துக்கு 36சி என்று வேறு பிரிவு இருக்கிறது. நிலத்துக்காரர் தாமாக முன்வந்தால்தான் அது பொருந்தும்.

நஞ்சையை வீட்டுமனையாக்க அனுமதி வேண்டும் என்பது வேறு கதை. அது தமிழ்நாடு முழுக்க உண்டு, ராம்சரால் வந்ததில்லை.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் கன்னியாகுமரி மாவட்டம், அகஸ்தீஸ்வரம் வட்டம், உங்கள் கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டாவும் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) வரும். அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா என்று தெரிந்துவிடும். ராம்சர் இணையதளத்தில் எல்லை வரைபடம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடுங்கள். பகிரப்படும் அந்த வரைபடத்தில் சர்வே எண்ணே இல்லை. அதை வைத்து யாருடைய வயல் உள்ளே, யாருடையது வெளியே என்று சொல்லவே முடியாது.