தாய் வீட்டுச் சீதனம்

(கூடைக்குள் மூன்று வார வயதில் நான்கு கறுப்பு நாய்க்குட்டிகள். பாலு ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் பிளேடுமாக உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டு கோமதி அக்கா எட்டிப் பார்க்கிறார்.)

கோமதி: என்ன தம்பி, பிளேடும் கையுமாக? யாருக்கு ஆபரேஷன்?

பாலு: மாத்திரைக்கு அக்கா. பூச்சி மருந்து. பத்துக் கிலோ நாய்க்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருக்கிறது. குட்டி ஒரு கிலோ இருக்கும். அப்படியென்றால் பத்தில் ஒரு துண்டு. கணக்கில் நான் புலி.

கோமதி: புலி இதுவரை எத்தனை துண்டு போட்டிருக்கிறது?

பாலு: இரண்டு. மிச்சம் பொடியாகிவிட்டது.

கோமதி: அதை உள்ளே வை. பெரிய நாய் மாத்திரையில் நாடாப்புழு மருந்தும் சேர்ந்திருக்கலாம். 4 வாரம் ஆகாத குட்டிக்கு வேண்டாம் என்று சிலவற்றில் எழுதியே இருக்கும். படித்தாயா?

பாலு: எழுத்து ரொம்பப் பொடி அக்கா.

கோமதி: மாத்திரையும் பொடி, எழுத்தும் பொடி. நல்லது.

பாலு: ஆனால் இதுகள் கூடையை விட்டு இறங்கினதே இல்லை. பூச்சி எங்கிருந்து வரும்?

கோமதி: தாய் வீட்டுச் சீதனம்! தாயின் தசைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் உருண்டைப்புழுக் குஞ்சுகள், அது சினையானதும் விழித்துக்கொண்டு வயிற்றிலிருக்கும் குட்டிக்குள் போய்விடும். பிறந்த பிறகு பாலிலும் வரும். கொக்கிப்புழுவும் பால் வழியாக வரும். அதனால்தான் 2 வாரத்திலேயே முதல் மருந்து. நீ ஒரு வாரம் லேட்.

பாலு: நான்கும் கொழுகொழு என்றுதானே இருக்கின்றன? வயிற்றைப் பாருங்கள், பானை மாதிரி!

கோமதி: வயிறு பானை, முதுகெலும்பை எண்ணலாம். அது கொழுப்பு இல்லை தம்பி, உள்ளே குடித்தனம் நடக்கிறது.

பாலு: மாமா பூண்டு தட்டிப் போடச் சொன்னார்.

கோமதி: பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பூச்சி இருக்கும், குட்டி போய்விடும். இந்த வயசுக்கு வழக்கமாகக் கொடுப்பது பைரன்டெல் திரவம். புழு வாதம் வந்தது போல முடங்கி மலத்தோடு வெளியேறும். மருந்து குடலைத் தாண்டி உடம்பில் அதிகம் ஏறாது.

பாலு: அப்பாடா! என் நண்பன் 2 மில்லி கொடுத்தானாம். நானும்...

கோமதி: எந்தப் பாட்டிலில்? ஒன்றில் மில்லிக்கு 4.5 மில்லிகிராம், இன்னொன்றில் 50! எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு கேள். எடை போட்டாயா?

பாலு: கண் அளவுதான்.

(சமையலறைத் தராசு வருகிறது. அதன் மேல் ஒரு பாத்திரத்தை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. பாத்திரத்துக்குள் முதல் குட்டி.)

பாலு: 940 கிராம்... ஐயோ, ஒன்றுக்குப் போய்விட்டது! கழிக்க வேண்டுமா அக்கா?

கோமதி: பாத்திரத்துக்குள்தானே போனது? எடை மாறாது. கழிக்க வேண்டாம், கழுவு.

(அடுத்தடுத்து 780, 1010, கடைசிக் குட்டி 620.)

கோமதி: எல்லாம் ஒரு கிலோவா புலி? இந்தக் கடைக்குட்டிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் போயிருக்கும்.

(டாக்டரிடம் போனில் கேட்டாயிற்று. மருந்தும் வந்துவிட்டது. பாலு கையில் ஊசியில்லாத சிரிஞ்ச்.)

கோமதி: அண்ணாந்து பிடிக்காதே, புரையேறும். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. குடித்ததை வேறு கூடைக்கு மாற்று. நான்கும் கறுப்பு. விட்டால் ஒரே குட்டிக்கு நான்கு தடவை ஊற்றுவாய்.

பாலு: முடிந்தது! இனி பூச்சித் தொல்லை இல்லை.

கோமதி: மலத்தில் வெள்ளை நூல் மாதிரி வரும், அலறாதே. உடனே அள்ளிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவு. அதன் முட்டை மனிதருக்கும் ஆகாது. 2 வாரத்தில் மறுபடி மருந்து. இது குடலில் இருப்பதைத்தான் பிடிக்கும், ஈரல், நுரையீரல் என்று ஊர் சுற்றப் போனவை திரும்பி வரும். 8 வாரம் வரை இப்படி, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. தாய்க்கும் இன்றைக்கே.

பாலு: அது தராசில் நிற்காதே!

கோமதி: தூக்கிக்கொண்டு ஆள் எடை பார்க்கும் மெஷினில் ஏறு. அப்புறம் நீ மட்டும் ஏறு. இப்போது கழி.

பாலு: அக்கா, நான் மட்டுமே 91!

கோமதி: (அவன் வயிற்றைப் பார்க்கிறார்.) பானை மாதிரிதான் இருக்கிறது.

பாலு: இது கொழுப்புதான் அக்கா, சத்தியமாக!